நோட்டில் ஒரு வரி, பாட்டில் ஒரு மொழி: பல பண்பாட்டு நாடுகளில் தேசிய அடையாளம்

மொரீஷியஸ் நாட்டின் மத்திய வங்கி 1998 நவம்பரில் புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அங்கே நோட்டில் தொகையை மூன்று மொழிகளில் எழுதுவது வழக்கம்: முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், மூன்றாவதாக இந்தி. புதிய நோட்டுகளில் இந்தி ஒரு படி மேலே போய், தமிழ் கடைசிக்கு வந்திருந்தது. தமிழ் வம்சாவளியினர் கொதித்தெழுந்தார்கள். எங்கள் முன்னோர் முன்பே இந்தத் தீவுக்கு வந்தவர்கள், எங்கள் வரியை ஏன் கீழே இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன.

மொரீஷியஸில் தமிழ் வம்சாவளியினரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் என்ற, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்பு மொழி. தமிழில் எழுதியிருந்தால்தான் அது எத்தனை ரூபாய் என்று புரியும் என்ற நிலையில் அவர்கள் இல்லை. ஆகவே சண்டை வாசிப்பு வசதியைப் பற்றியது அல்ல. இந்த நாட்டின் மக்களை வரிசையாகச் சொன்னால் நாங்கள் எங்கே வருகிறோம் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியலாம். ஆனால் தேசிய அடையாளம் எப்போதும் இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் கண்ணுக்குத் தெரியும்: நோட்டில் ஒரு வரி, பாட்டில் ஒரு மொழி, பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து, விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்.

பல மொழி, பல மதம், பல இனம் வாழும் ஒரு நாட்டில் ‘நாம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அந்த ‘நாம்’ எப்படி உருவாகிறது, எதனால் உடைகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு வேளாண் வட்டாரம். அதன் பிரதிநிதிகள் ‘நாட்டார்’. இன்று அதே சொல்லால் இந்தியாவையும் குறிக்கிறோம், தமிழ்நாட்டையும் குறிக்கிறோம். பெரிய வட்டத்துக்கும் சின்ன வட்டத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது, யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மனிதர்களும் அப்படித்தான். ஒரே ஆள் ஒரு மொழிக்கும், ஒரு மதத்துக்கும், ஒரு வட்டாரத்துக்கும், ஒரு குடியுரிமைக்கும் ஒரே சமயத்தில் சொந்தமாக இருக்க முடியும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விடு என்று யாராவது கட்டாயப்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படிக் கட்டாயப்படுத்தும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற கருத்து அது: ஒரு மக்கள், ஒரு மொழி, ஒரு அரசு. இயல்பான தேசம் என்றால் இப்படித்தான் இருக்கும், பல மொழி பேசும் நாடுகள் எல்லாம் செயற்கையானவை, சீக்கிரம் சிதறிவிடும் என்று பலர் நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள்.

ஆனால் அந்த ‘இயல்பான’ தேசங்களின் கதை என்ன? பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1794-இல் கிரெகுவார் என்ற பாதிரியார் நாட்டின் மொழி நிலவரம் பற்றிப் புரட்சி மன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரால் அந்த மொழியில் தொடர்ந்து ஒரு உரையாடலை நடத்த முடியாது. அதைச் சரியாகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றார் அவர். பிரான்சின் அன்றைய மக்கள்தொகை இரண்டரைக் கோடிக்கும் மேல். இத்தாலி 1861-இல் ஒன்றானபோது இன்று நாம் இத்தாலி மொழி என்று சொல்வதைப் பேசியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் முதல் பத்துப் பேர் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது ஒரு மொழி பேசியவர்கள் ஒன்றுகூடித் தேசம் அமைக்கவில்லை. அரசு முதலில் வந்தது. பிறகு பள்ளிக்கூடமும், கட்டாய ராணுவ சேவையும், ரயிலும், செய்தித்தாளும் சேர்ந்து அந்த மொழியைப் பரப்பின.

அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சின் பிரெத்தான் பகுதியில் பள்ளியில் தாய்மொழி பேசி மாட்டிக்கொள்ளும் குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டையோ பழைய செருப்பையோ தொங்கவிடுவார்கள். அந்தக் குழந்தை, தாய்மொழி பேசும் இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தால் அது கைமாறும். மாலையில் யாரிடம் அது இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. ஒரு தேசத்தை உருவாக்கக் குழந்தைகளை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கச் செய்திருக்கிறார்கள். இதைப் படிக்கும் எந்தத் தாய்மொழிக்காரருக்கும் நெஞ்சு கனக்கும்.

எர்னஸ்ட் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1882-இல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவு இந்த விவாதத்தில் இன்றும் பேசப்படுகிறது. தேசத்தை இனமோ மொழியோ மதமோ ஆக்குவதில்லை, சேர்ந்து கடந்துவந்த பழைய நினைவுகளும் தொடர்ந்து சேர்ந்து வாழும் விருப்பமும்தான் ஆக்குகின்றன என்றார். தேசம் என்பது ஒவ்வொரு நாளும் நடக்கும் வாக்கெடுப்பு போன்றது என்பது அவருடைய புகழ்பெற்ற உவமை. இந்தப் பகுதி எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஆனால் அதே உரையில் அவர், பழைய வன்முறைகளை மறப்பதும் தேசத்துக்குத் தேவை என்றும் சொன்னார். அங்கேதான் நான் தயங்குகிறேன். மறப்பது அடித்தவருக்கு எளிது, அடிபட்டவருக்கு எளிதல்ல. பின்னர் இதற்குத் திரும்பி வருகிறேன்.

பெரியவர்கள் விட்டுக்கொடுத்த இடங்கள்

சேர்ந்து வாழும் விருப்பம் எப்போது வருகிறது? வரலாற்றில் பல நாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எண்ணிக்கையில் பெரிய மக்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மற்றவர்களின் மனம் திறக்கிறது அல்லது மூடிக்கொள்கிறது.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்வோம். டச்சு ஆட்சியின் கீழ் ஆயிரக்கணக்கான தீவுகள், நூற்றுக்கணக்கான மொழிகள். 1928 அக்டோபர் 28 அன்று பல தீவுகளைச் சேர்ந்த இளைஞர்கள் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். எங்களுக்கு ஒரே தாயகம், நாங்கள் ஒரே தேசம் என்றார்கள். மூன்றாவது வரிக்கு வரும்போது, ஒரே மொழி என்று சொல்லவில்லை. ஒற்றுமையின் மொழியாக இந்தோனேசிய மொழியை உயர்த்திப் பிடிக்கிறோம் என்றார்கள். வீட்டுமொழிகளுக்கு அந்த வரி வாசலை மூடவில்லை.

அவர்கள் தேர்ந்தெடுத்த மொழி எது? எண்ணிக்கையில் பெரியவர்கள் ஜாவானியர்கள், மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர். வளமான இலக்கியமும் அரசவை மரபும் உள்ள மொழி அவர்களுடையது. இருந்தும் துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாய் மொழியே பொதுமொழி ஆனது. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறு பங்கினர். அப்புறம் இன்னொரு காரணமும் உண்டு. ஜாவானிய மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொற்களே மாறும். உயர்ந்தவருக்கு ஒரு நடை, தாழ்ந்தவருக்கு ஒரு நடை. எல்லோரும் சமம் என்று தொடங்கும் ஒரு நாட்டுக்கு மலாய் எளிதாகப் பொருந்தியது.

சுதந்திரம் அறிவித்த மறுநாள், 1945 ஆகஸ்ட் 18 அன்று, அங்கே இன்னொன்று நடந்தது. அரசியலமைப்பின் முகவுரை வரைவில், முஸ்லிம்கள் இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றும் கடமை உடையவர்கள் என்று பொருள்படும் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு அது ஏற்புடையதாக இல்லை, அப்படியானால் அவர்கள் குடியரசில் சேரமாட்டார்கள் என்ற செய்தி சுதந்திர இயக்கத் தலைவர்களில் ஒருவரான முகமது ஹத்தாவுக்கு வந்தது. அவர் அன்று காலையே முஸ்லிம் தலைவர்களோடு பேசினார். அந்த ஏழு சொற்களும் நீக்கப்பட்டன. முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாட்டில், ஒரு காலை நேரத்தில், சிறுபான்மையினர் தங்குவதற்காகப் பெரும்பான்மையினர் தங்கள் வரியை விட்டுக்கொடுத்தார்கள். என் பார்வையில் இந்தோனேசியா என்ற நாடு உண்மையில் பிறந்தது அன்று காலைதான்.

இந்தோனேசியாவை நான் புனிதமாக்கவில்லை. பின்னாளில் வந்த அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில் சீன வம்சாவளியினர் பெயரை மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள், சீன எழுத்து பொதுவெளியில் தடைசெய்யப்பட்டது. வலுக்கட்டாயமாக இணைத்துக்கொண்ட கிழக்குத் திமோரில் 1999-இல் வாக்கெடுப்பு நடந்தபோது மக்களில் பெரும்பகுதியினர் பிரிந்து போகவே வாக்களித்தார்கள். விட்டுக்கொடுத்த இடத்தில் ஒட்டியது, அடித்துச் சேர்த்த இடத்தில் ஒட்டவில்லை.

தான்சானியாவும் இதே பாடத்தை வேறு விதமாகக் காட்டுகிறது. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே ஸனாக்கி என்ற சிறிய குழுவைச் சேர்ந்தவர். எந்தப் பெரிய இனக்குழுவுக்கும் சொந்தமில்லாத, கடற்கரையிலிருந்து வணிகர்களோடு உள்நாட்டுக்குப் பரவிய சுவாஹிலியைத் தேசிய மொழியாக்கி, தொடக்கப் பள்ளிகளில் அதிலேயே கற்பித்தார். பொருளாதாரத்தில் அவர் செய்த பல காரியங்கள் தோற்றன, அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எட்வர்ட் மிகல் என்ற பொருளியல் ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று முக்கியமானது. கென்யாவின் ஒரு மாவட்டத்தையும் தான்சானியாவின் ஒரு மாவட்டத்தையும் அவர் ஒப்பிட்டார். கென்யாவில் பல இனங்கள் கலந்து வாழ்ந்த இடங்களில் பள்ளிக்கூடத்துக்கு ஊரார் தந்த நிதி குறைந்தது. தான்சானியாவில் அப்படிக் குறையவில்லை. தேசிய அடையாளம் என்பது கொடியேற்றும் நாளில் வரும் உணர்ச்சி மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து இனத்தின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு நான் பணம் தருவேனா என்பது வரை அது நீள்கிறது.

சிங்கப்பூரில் நான்கில் மூன்று பேர் சீனர்கள். ஆனால் தேசிய கீதம் மலாய் மொழியில் இருக்கிறது, அரசியலமைப்பின்படி தேசிய மொழியும் மலாய்தான். சுற்றிலும் மலாய் உலகம் இருக்கும் ஒரு சிறு தீவுக்கு அதில் அரசியல் கணக்கும் இருந்தது, உண்மைதான். இருந்தாலும் ஒரு சீனக் குழந்தை தன் நாட்டைப் பாடும்போது சிறுபான்மையினரின் மொழியில் பாடுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் குழந்தை பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-இல் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். இனம், மொழி, மதம் என்ற வேறுபாடின்றி ஒன்றுபட்ட மக்கள் என்று அது தொடங்குகிறது. ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில்.

உடைந்த இடங்கள்

வட்டுக்கோட்டை என்ற பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் இருக்கிறது. தனித் தமிழீழம் வேண்டும் என்ற தீர்மானம் 1976 மே 14 அன்று நிறைவேறியது அங்கேதான். அதே ஊரில் பிறந்த ஒருவர் வேறொரு நாட்டுக்கு எல்லோரையும் சேர்க்கும் உறுதிமொழியை எழுதினார். சொந்த ஊரில் பத்தாண்டு கழித்துப் பிரிவினைத் தீர்மானம் எழுதப்பட்டது. அந்த மக்கள் பிரிவினையோடு பிறந்தவர்கள் அல்ல. இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1948-இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த நாட்டின் தேயிலைப் பொருளாதாரத்தைத் தலைமுறைகளாகத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். எந்தப் பக்கம் போக விரும்புகிறாய் என்று அந்தத் தொழிலாளர்களை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். அதற்கு எதிராக கொல்வின் ஆர். டி சில்வா என்ற இடதுசாரித் தலைவர் எச்சரித்தார்: இரண்டு மொழி என்றால் ஒரு தேசம், ஒரே மொழி என்றால் இரண்டு தேசம். 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் சமரச ஒப்பந்தம் செய்தார்கள். பிக்குகளின் எதிர்ப்பில் அடுத்த ஆண்டே அது கிழிந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் வர 1987 ஆனது. அதற்குள் போர் தொடங்கிவிட்டது. 1956-இல் கொடுத்திருந்தால் நன்றியோடு வாங்கியிருப்பார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கொடுத்தபோது அது யாருக்கும் போதவில்லை. உரிமையைத் தாமதமாகத் தருவதும் ஒருவகை மறுப்புதான்.

பாகிஸ்தான் கதை இன்னும் வியப்பானது, ஏனென்றால் அங்கே புறக்கணிக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையினர். நாட்டு மக்களில் பாதிக்கு மேல் பேசியது வங்காளி. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1948 மார்ச்சில் ஜின்னா, வங்காளிகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியின் டாக்காவுக்கே வந்து, உருது மட்டுமே ஆட்சிமொழி என்று அறிவித்தார். மதம் ஒன்றாக இருந்தால் போதும், மற்ற வேறுபாடுகள் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழி உரிமை கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மாணவர்கள் உயிரிழந்தார்கள். 1956-இல் வங்காளிக்கும் இடம் கிடைத்தது, ஆனால் ஆட்சியிலும் ராணுவத்திலும் பொருளாதாரத்திலும் கிடைக்கவில்லை. 1970 தேர்தலில் கிழக்குப் பகுதியின் அவாமி லீக் தனிப்பெரும்பான்மை பெற்றும் அதிகாரம் கைமாறவில்லை. 1971-இல் வங்கதேசம் பிறந்தது. அந்த பிப்ரவரி 21-ஐத்தான் யுனெஸ்கோ 1999-இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இந்தியா எடுத்த முடிவும் எடுக்காத முடிவும்

இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் கசப்பாக நடந்தது. 1949 செப்டம்பர் 14 அன்று எட்டிய சமரசத்தில் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆனது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் அரசியலமைப்பு சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றார்கள். கறாரான முடிவை எடுக்காமல் தள்ளிப்போட்டது பலவீனம் என்று அப்போது தோன்றியிருக்கலாம். பின்னோக்கிப் பார்க்கும்போது அந்தத் தள்ளிப்போடல்தான் நாட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

மொழிவழி மாநிலங்கள் விஷயத்திலும் அப்படித்தான். மதத்தால் ஒரு பிரிவினையைக் கண்ணால் கண்டவர்கள், மொழியால் இன்னொன்று வந்துவிடுமோ என்று பயந்தார்கள். நேருவும் பட்டேலும் பட்டாபி சீதாராமையாவும் கொண்ட குழு இப்போது வேண்டாம் என்றது. ஆந்திரம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்விட்ட பிறகுதான் டெல்லி அசைந்தது. 1956-இல் மாநிலங்கள் பெரும்பாலும் மொழிவழியில் திருத்தி அமைக்கப்பட்டன. பயந்தது நடக்கவில்லை. தன் மொழியில் ஆட்சி நடக்கும் ஒரு வீடு கிடைத்ததும் மக்கள் பெரிய வீட்டை வெறுக்கவில்லை.

தமிழ்நாடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1962-இல் மாநிலங்களவையில் பிரிவினைக் கோரிக்கையை முன்வைத்துப் பேசிய அண்ணா, சீனப் போருக்குப் பிறகு 1963-இல் அதைக் கைவிட்டார். 1965-இல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. டெல்லி பிடிவாதம் பிடிக்கவில்லை. 1967-இல் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடர வழி செய்தது. அதே 1967-இல் தி.மு.க. தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. தமிழன் என்ற பெருமை குறையவில்லை, பிரிந்து போக வேண்டும் என்ற தேவை மறைந்தது. இலங்கையும் இந்தியாவும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில், ஏறக்குறைய ஒரே கேள்விக்கு, வேறு வேறு பதில் சொன்னார்கள். இந்த ஒப்பீட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

இந்தியா எல்லா இடத்திலும் இப்படி நெகிழ்ந்து நடந்தது என்று சொன்னால் அது உண்மை ஆகாது. வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யவும் சுடவும் ராணுவத்துக்கு அதிகாரம் தரும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958-இல் வந்தது; வடகிழக்கில் எத்தனையோ ஊர்களில் தலைமுறைகள் அதன் நிழலிலேயே வளர்ந்தன. சோதனைச் சாவடியில் நின்று தன் ஊரிலேயே அடையாள அட்டை காட்ட வேண்டியவருக்கு வேற்றுமையில் ஒற்றுமை என்ற பாடம் எப்படிக் கேட்கும்?

அங்கீகாரம் மட்டும் போதுமா?

சரி, எல்லோருக்கும் அவரவர் மொழி, அவரவர் மாநிலம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? பெல்ஜியம் அதைத்தான் செய்தது. 1960-களில் மொழி எல்லைக் கோடு சட்டமானது. லூவன் பல்கலைக்கழகம் இரண்டானது, தேசியக் கட்சிகள் மொழிவாரியாக உடைந்தன, தொலைக்காட்சி தனித்தனி. இப்போது டச்சு பேசுபவரும் பிரெஞ்சு பேசுபவரும் பெரும்பாலும் ஒரே கட்சிக்கு வாக்களிக்க வாய்ப்பே இல்லை. 2010 தேர்தலுக்குப் பிறகு ஓர் அரசு அமைய 541 நாள் ஆனது. ரத்தம் சிந்தவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் சந்திக்கும் இடங்கள் குறைந்துகொண்டே போனால் ‘நாம்’ என்பது மெலிந்துவிடும்.

யூகோஸ்லாவியாவில் மெலிந்தது மட்டுமல்ல, வெடித்தது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை செர்பியர், குரோவாத்தியர் என்றெல்லாம் சொல்லாமல் யூகோஸ்லாவியர் என்றே பதிந்துகொண்டவர்கள் 12 லட்சத்துக்கு மேல், மக்களில் 5.4 சதவீதம். ஏறக்குறைய பத்தாண்டில் அவர்களுக்கு நாடே இல்லாமல் போனது.

சுவிட்சர்லாந்து இங்கே கற்றுத் தருவது வேறு. அங்கே மொழிக் கோடும் மதக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர் உண்டு, ஜெர்மன் பேசும் புராட்டஸ்டன்ட் உண்டு, பிரெஞ்சிலும் அப்படியே. மொழி விஷயத்தில் எனக்கு எதிரே நிற்பவர் மதம் சார்ந்த விஷயத்தில் என் பக்கம் நிற்பார். நிரந்தரப் பெரும்பான்மை என்று ஒன்று உருவாவதில்லை. இன்று தோற்றவர் நாளை வேறொன்றில் வெல்வார். 1847-இல் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரு மாதத்துக்குள் முடிந்தது. வென்றவர்கள் அடுத்த ஆண்டு எழுதிய அரசியலமைப்பு தோற்ற மாகாணங்களுக்கும் முழு இடம் கொடுத்தது. 1938-இல் ரொமான்ஷ் என்ற மிகச் சிறிய மொழியை நான்காவது தேசிய மொழியாக்க வாக்கெடுப்பு நடந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்றார்கள். அந்த மொழி பேசுவோர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள்.

நினைவும் மறதியும்

ரெனான் சொன்ன மறதிக்கு இப்போது வருகிறேன். கனடா 1971-இல் பன்பண்பாட்டைத் தன் அரசுக் கொள்கையாக அறிவித்த நாடு. அப்படி அறிவித்த நாளிலும், பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் பெயரையும் மறக்கடிக்க நடத்திய உறைவிடப் பள்ளிகள் அங்கே இயங்கிக்கொண்டிருந்தன. கடைசிப் பள்ளி மூடியது 1990-களில். நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008-இல். வந்தேறியவர்களின் பண்பாட்டைக் கொண்டாடிய நாடு, முன்பே இருந்தவர்களின் பண்பாட்டை அழித்துக்கொண்டிருந்தது. இதை மறந்துவிட்டு எந்த ‘நாம்’ உருவாகும்? ஆஸ்திரேலியா தன் தேசிய கீதத்தில் 2021 ஜனவரி 1 முதல் ஒரே ஒரு சொல்லை மாற்றியது. நாங்கள் இளமையானவர்கள் என்று இருந்த இடத்தில் நாங்கள் ஒன்றானவர்கள் என்று வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்பவர்களைப் பார்த்து இளம் தேசம் என்று பாடச் சொல்வது எவ்வளவு பெரிய மறதி என்பது மற்றவர்களுக்கு உறைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

தென்னாப்பிரிக்கா 2000-இல் தன் அரசுச் சின்னத்தில் பொறிக்க ஒரு முழக்கத்தைத் தேடியது. ஆட்சிமொழிகள் பதினொன்று இருந்தன. எதில் எழுதினாலும் மற்றவை கேட்கும். அவர்கள் எழுதியது ‘கம்’ என்ற பழங்குடி மொழியில். அதைப் பேசுவோர் இன்று யாரும் இல்லை. அந்த மண்ணின் மிகப் பழைய மக்களில் ஒரு பிரிவினரின் மொழி அது. வேறுபட்ட மக்களே, ஒன்றுசேருங்கள் என்பது அதன் பொருள். அழிக்கப்பட்டவர்களை நினைவில் வைத்துக்கொண்டே ஒன்றுசேர முடியும் என்று அந்த நாடு முடிவு செய்தது.

‘நீ முதலில் யார்?’

இதெல்லாம் நாடுகளின் கதை. தனி மனிதரிடம் இது எப்படி வருகிறது? பெரும்பாலும் ஒரு கேள்வியாக: நீ முதலில் இந்த நாட்டவனா, இல்லை உன் இனத்தவனா? 1990-இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட் ஒரு ‘கிரிக்கெட் சோதனை’யைச் சொன்னார். ஆசியாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், விசுவாசம் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம்.

அந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. அம்மாவா அப்பாவா என்று குழந்தையைக் கேட்பது போன்றது அது. அதோடு, இந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. பெரும்பான்மையினரின் மொழியையும் மதத்தையும் சேர்ந்தவருக்கு நாட்டுப்பற்று பிறவியிலேயே வந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. மற்றவர்கள்தான் தினமும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. விசுவாசத்தை அளக்க வேண்டுமென்றால் மறுபக்கமிருந்து அளக்கலாம். காவல் நிலையத்தில் அவர் புகாரை அவருக்குத் தெரிந்த மொழியில் வாங்கிக்கொள்கிறார்களா? வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறதா? வெள்ளம் வந்தால் நிவாரணப் படகு அவர் தெருவுக்கும் வருகிறதா? ஒருவர் ‘என் நாடு’ என்று சொல்வதற்கு முன்னால் நாடு அவரைப் பார்த்து ‘என் ஆள்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1986-இல் சொன்ன தீர்ப்பு ஒன்று இதற்குப் பொருத்தமானது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிக் குழந்தைகள் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் மத நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிமன்றம் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்புத்தன்மையைத்தான் கற்பிக்கின்றன, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது. பாடாத குழந்தையும் இந்த நாட்டின் குழந்தைதான் என்று சொன்ன அன்று அந்தப் பாட்டுக்கு மதிப்பு கூடியது என்றே நான் நினைக்கிறேன்.

பாட்டு என்றதும் இலங்கைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்நாட்டுத் தேசிய கீதத்துக்குப் புலவர் மு. நல்லதம்பி செய்த தமிழ் வடிவம் ஒன்று உண்டு. நீண்ட காலம் அரசின் முக்கிய மேடைகளில் அதற்கு இடமில்லை. 2016 பிப்ரவரி 4 அன்று, கொழும்பில் நடந்த சுதந்திர தின விழாவில் அதைப் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த தமிழர்களில் சிலர் கண்கலங்கினார்கள். 2020 விழாவில் அது விடுபட்டது. சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. இரண்டுக்கும் மெட்டு ஒன்று, பொருள் ஒன்று. இரண்டிலும் வணங்கப்படுவது அதே தாய்.